கம்பி அறுந்த அன்று...

அன்புள்ள குட்டீஸ்,

மயிலாப்பூர் மாட வீதியில் பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்கினாலும், அப்பா மொபைலைத்தான் நீட்டுகிறார். சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால், சிக்னல் போய்விட்டால்?

நம் சென்னையில் நடந்ததைக் கேளுங்கள். 2016, டிசம்பர் 12. உங்களில் சிலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டீர்கள். 'வர்தா' புயல் அன்று சென்னையைப் புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நம் ஊரில் இன்டர்நெட் கேபிளை மரத்திலும் கம்பத்திலும் கட்டித்தானே இழுக்கிறார்கள்! மரத்தோடு கேபிளும் போயிற்று. மின்சாரம் நின்றது, சில தெருக்களுக்குப் பல நாள் வரவில்லை. மின்சாரம் இல்லாமல் மொபைல் டவர்களும் ஓய்ந்தன.

போதாததற்கு, ஒரு மாதம் முன்புதான், நவம்பர் 8 இரவு, பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்திருந்தது. கையில் ரொக்கம் இல்லை. பலரும் கார்டையே நம்பியிருந்தனர். கடையில் கார்டைத் தேய்த்ததும் அந்த மெஷின், 'இவர் கணக்கில் பணம் இருக்கிறதா?' என்று வங்கியைக் கேட்கும். கேட்க லைன் வேண்டுமே! ஏ.டி.எம்.முக்கும் அதே கதிதான். வங்கியில் பணம் இருந்தும் பால் பாக்கெட் வாங்க முடியாத நிலை!

இது புயலடிக்கும் ஊர்க் கதை மட்டுமல்ல. 2008 ஜனவரியில், எங்கோ எகிப்து அருகே கடலுக்கடியில் கேபிள்கள் அறுந்தன. இந்தியாவில் இன்டர்நெட் நத்தையாகிவிட்டது.

லைன் இல்லாத நேரத்தில் கை கொடுப்பது எது தெரியுமா? தெருமுனை அண்ணாச்சி கடையின் கடன் நோட்டு. "அப்புறம் கொடுங்க" என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, அரிசியும் மெழுகுவர்த்தியும் கொடுப்பார். ஆனால், முகம் தெரிந்தவர்களுக்குத்தான் கொடுப்பார். உப்பு, புளி முதல் எல்லாவற்றையும் ஆப்பிலேயே வாங்குகிற வீட்டை அவருக்கு எப்படித் தெரியும்?

அதனால், அம்மாவிடம் சொல்லி, அலமாரியில் கொஞ்சம் சில்லறை நோட்டு எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறையாவது பக்கத்துக் கடைக்கு நீங்களே நடந்து போய் வாங்கி வாருங்கள். எதிர் பிளாட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால், இந்த ஞாயிறே போய்க் கதவைத் தட்டுங்கள்!

இன்னொன்று. இன்று மாலை, மொபைலைப் பார்க்காமல், அம்மா, அப்பா, தாத்தா மூவரின் போன் எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எத்தனை எண் சரியாக வந்தது என்று எனக்கு ஒரு தபால் அட்டை போடுங்கள். அப்பாவையும் எழுதச் சொல்லுங்கள். அவருக்கு எத்தனை வருகிறது, பார்ப்போம்!

அன்புடன்,
ஆசிரியர்