வைக்கோல் நெருப்பும் உமித் தணலும்

வைக்கோலில் பிடித்த நெருப்பு கூரை உயரத்துக்கு எழும்பும். ஆனால் ஒரு பானை உலை கொதிக்கும் முன்னரே அது அடங்கிவிடும். உமியில் பிடித்த நெருப்போ வெளியே தெரியாது. கிட்டப் போய்க் கை வைத்தவருக்கே சூடு தெரியும். இரவு முழுவதும் கிடந்து, விடியற்காலையில் கிளறினால் தணல் சிவந்து கிடக்கும். அடுப்படியில் பழகிய நம் தாய்மாருக்கு இது புதிய செய்தியல்ல. நமது விசுவாச வாழ்வில் இன்று எரிவது இந்த இரண்டில் எந்த நெருப்பு என்பதை நாம் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

இக்கேள்வி எழுவதற்குக் காரணம் உண்டு. 1995 இல் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறியவர்களும், 1999 இல் மடுத் திருத்தலத்தில் தஞ்சமடைந்திருந்த வேளையிலும் எறிகணைக்குத் தப்பாதவர்களும், 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டிருந்தவர்களும் நம்மிடையே இருக்கின்றனர். அந்நாட்களில் எல்லாம் குறைவாயிருந்தது. செபம் மட்டும் குறையவில்லை. மாலையானதும் தறப்பாள் கொட்டில்களுக்கிடையே செபமாலை ஒலித்தது. மரத்தடியில் ஒப்புக்கொடுக்கப்பட்ட பூசைக்கு நிற்க இடமிருக்கவில்லை. பின்னர் பலர் ஊர் திரும்பினர். கூரை வந்தது, கிணறு இறைக்கப்பட்டது, கோவிலும் திருத்தப்பட்டது. ஆனால் முகாமில் இருந்த பக்தி ஊரில் இல்லையே என்று பெரியவர்கள் கவலைப்படுவதைப் பல பங்குகளிலும் கேட்கிறோம். சொந்தக் காணி விடுபடும் என்று இன்னும் காத்திருக்கும் குடும்பங்களிடையே வேறொரு களைப்பைக் காண்கிறோம். இத்தனை காலம் மன்றாடினோமே, இனி எதற்கு என்ற களைப்பு அது.

இதற்குப் பலரும் பல காரணங்கள் சொல்வர். பிள்ளைகளின் கையில் தொலைபேசி, கடன் சுமை, வெளிநாட்டு ஆசை என்பர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அடிப்படைக் காரணம் வேறொன்று என்பதே நமது கருத்து. கூட்டத்தோடு சேர்ந்து பிடித்த நெருப்பு, கூட்டம் கலைந்தபோது தணிந்துவிட்டது. தனித்திருந்து இறைவனோடு பேசும் பழக்கம் நம்மில் பலருக்கு ஊன்றவேயில்லை.

கூட்டுச் செபத்தைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. அது நம்மைத் தாங்கியது, இனியும் தாங்கும். திருப்பலியே கிறிஸ்தவ வாழ்வின் ஊற்றும் உச்சமும் என்பது திருச்சபையின் போதனை. ஆனால் 1963 ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றி வெளியிட்ட அதே ஏட்டில், ஆன்மிக வாழ்வு வழிபாட்டில் பங்குபற்றுவதோடு முடிந்துவிடுவதில்லை என்றும், ஒவ்வொருவரும் தம் உள்ளறையில் மறைவாகவும் மன்றாட வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருப்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆண்டவரே இதற்கு முன்மாதிரி. பகலெல்லாம் மக்கள் கூட்டம் அவரை நெருக்கியது. அவரோ விடியுமுன் எழுந்து தனிமையான இடம் தேடிப் போனார், மலையில் இரவைக் கழித்தார்.

குருவில்லாத காலம்

நமது மண்ணின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் நாட்டை விட்டு அகற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் கடுந்தண்டனைக்கு ஆளாயினர். கோவில்கள் கைமாறின. அதன்பின் ஏறக்குறைய 30 ஆண்டுகள் நம் முன்னோருக்குப் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, திருநாளில்லை, கொடியேற்றமில்லை. வெளியே தெரியக்கூடிய எதுவும் அவர்களிடம் மிஞ்சவில்லை.

1687 இல் கோவாவைச் சேர்ந்த யோசே வாஸ் அடிகளார், ஏழைக் கூலியாளின் கோலத்தில் இத்தீவுக்கு வந்தார். யாரிடம் போவது, யாரை நம்புவது என்று அறியாத நிலையில், கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார் என்றும், அதைக் கண்டு முகம் மாறியவர்களைக் கொண்டே விசுவாசிகளை இனங்கண்டார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. செபமாலையைக் கண்டதும் கண்கலங்கக்கூடிய மனிதர் 30 ஆண்டுகளுக்குப் பின்னரும் இருந்தனர். யார் அவர்களுக்கு நினைவூட்டினார்கள்? மணியடித்து அழைக்க எவருமில்லை. தாயிடமும் பாட்டியிடமும் கேட்டு மனனம் செய்த செபங்களை, அடைத்த வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் சொல்லியே அவர்கள் விசுவாசத்தைக் காத்தனர்.

எல்லோரும் இவ்வாறு நிலைத்து நின்றார்கள் என்று சொல்ல முடியாது. பயத்தினாலும் பதவிக்காகவும் விலகிப்போனவர்கள் உண்டு. ஆனால் நிலைத்து நின்றவர்களைத் தாங்கியது எது என்பது தெளிவு. மாந்தையிலிருந்து 1670 அளவில் ஏறக்குறைய 20 குடும்பங்கள் அன்னையின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு மருதமடுக் காட்டுக்குள் புகுந்தன என்பது மடுவின் மரபு. இன்று இலட்சக்கணக்கானோர் கூடும் திருத்தலம், காட்டுக்குள் ஒளித்திருந்து செபித்த சில இடம்பெயர்ந்த குடும்பங்களிலிருந்து தொடங்கியது. நாமும் இடம்பெயர்ந்தவர்களே, அந்த வழியில் வந்தவர்களே.

அடிகளாரின் வாழ்வும் இதையே காட்டுகிறது. 1692 இல் கண்டியில் போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் அவர் சிறைவைக்கப்பட்டார். பணி நின்றது, செபம் நிற்கவில்லை. சிறையிலிருந்தபடியே சிங்களமும் கற்றார். சில ஆண்டுகளின் பின் 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளரை உறவினரே கைவிட்டு ஓடியபோது, அவர்களைத் தேடிச் சென்று கழுவித் துடைத்து உணவூட்டியவர் அவரே. மறைவில் செபித்த மனிதருக்கு வெளியே ஓடாமல் நிற்கும் துணிவு கிடைத்தது. 2015 ஜனவரி 14 ஆம் நாள் கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். புனிதரின் பெயரால் இன்று திருநாள் கொண்டாடுகிறோம். அவரது பழக்கத்தையும் நாம் எடுத்துக்கொண்டால் நல்லது.

இறைப்பும் செபமும்

தனித்துச் செபிக்கத் தொடங்கும் பலர் சில வாரங்களில் விட்டுவிடுவது ஏன்? மனம் குளிரவில்லை, கண்ணீர் வரவில்லை, எண்ணம் எங்கோ ஓடுகிறது என்பர். உணர்ச்சி வந்தால்தான் செபம் என்று எண்ணுவதால் வரும் இடர் இது. அதனால்தான் சிலர் ஒரு செபக்கூட்டத்திலிருந்து இன்னொரு செபக்கூட்டத்துக்கு, எங்கே நெருப்பு எழும்பும் என்று தேடி அலைகின்றனர்.

16 ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த அவிலாவின் புனித தெரேசா இதைத் தோட்டக்காரரின் மொழியில் விளக்கினார். செபம் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதைப் போன்றது. அதற்கு நான்கு வழிகள் உண்டு என்றார். கிணற்றிலிருந்து கையால் இறைப்பது ஒன்று. சக்கரத்தின் உதவியால் இறைப்பது இரண்டாவது. ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ நீர் பாய்வது மூன்றாவது. மழை பெய்வது நான்காவது. மழை பெய்தால் தோட்டக்காரருக்கு உழைப்பில்லை. அது முழுவதும் இறைவனின் கொடை. ஆனால் தொடங்குபவர் கிணற்றில் இறைத்தே ஆகவேண்டும்.

துலா மிதித்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகளுக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. இன்று மனம் வரவில்லை என்று மிளகாய்க் கன்றுக்கு நீர் விடாதிருக்கும் கமக்காரன் உண்டா? உடல் அலுப்பாயிருந்தாலும், முறை வந்தால் இறைக்கப் போகிறான். பயிர் அன்றே நிமிர்ந்து நிற்பதில்லை. ஆனால் இறைக்காத தோட்டம் எப்படி முடியும் என்பது அவனுக்குத் தெரியும். தெரேசாவே பல ஆண்டுகள் செபத்தில் வறட்சியை அனுபவித்தவர். செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்த நாட்களும் தமக்கு இருந்ததாக எழுதி வைத்தார். அவரைத்தான் திருச்சபை 1970 இல் மறைவல்லுநர் என்று அறிவித்தது. ஆகவே வறட்சி நேர்ந்தால் செபம் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டலாகாது. நமது பங்கு இறைப்பது. மழை பெய்விப்பவர் வேறொருவர்.

கதவில்லாத வீட்டில்

அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு செபிக்கும்படி ஆண்டவர் கற்பித்தார். ஒரே கொட்டிலில் ஏழெட்டுப் பேர் படுத்தெழும்பிய நமக்கு அறை ஏது, கதவு ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வியட்நாம் நாட்டின் ஆயர் நுயென் வான் துவான் 1975 இல் கைது செய்யப்பட்டு 13 ஆண்டுகள் சிறையில் இருந்தார். அவற்றுள் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. வயிற்றுவலி மருந்து என்ற பெயரில் அனுப்பப்பட்ட இரசத்தில் மூன்று துளியும், ஒரு துளி நீரும் உள்ளங்கையில் எடுத்து அவர் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். உள்ளங்கையே அவருக்குப் பீடமாயிற்று.

மறைமாவட்டப் பணிகளையெல்லாம் பறிகொடுத்தோமே என்று முதலில் அவர் வெதும்பினார். பின்னர் இறைவன் வேறு, இறைவனுக்காகச் செய்யும் பணிகள் வேறு என்ற தெளிவு அவருக்குக் கிடைத்தது. பணி பறிபோகலாம், இறைவனை எவரும் பறிக்க முடியாது. அபிவிருத்திப் பணியில் ஓடித்திரியும் நாமெல்லாரும், குருக்களும் துறவிகளும் சங்கத் தலைவர்களும், இதை மனத்தில் இருத்த வேண்டும்.

அவருக்கு உள்ளங்கை கிடைத்ததென்றால் நமக்கும் ஓரிடம் கிடைக்கும். இரவில் பன்றிக்கும் யானைக்கும் வயல் காக்கும் கொட்டிலை விடத் தனிமையான செபக்கூடம் எது? நீர் பாய்ந்து முடியும் வரை வரப்பில் குந்தியிருக்கும் நேரமும் செபத்துக்கு உகந்ததே. பெண்களுக்கு இது கடினம் என்பதை அறிவோம். விடிய முதல் எழும்பி, இரவு கடைசியாகப் படுப்பவர்கள் அவர்கள். ஆகவே தாய்க்கு நாளில் பத்து நிமிடத்தையாவது விட்டுக்கொடுப்பது கணவனதும் பிள்ளைகளதும் கடமை. அவ்வேளையில் அடுப்பையும் சின்னப் பிள்ளையையும் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

நீண்ட செபம் தேவையில்லை. ஒரே நேரம், ஒரே இடம் என்ற ஒழுங்கு தேவை. விவிலியத்தில் ஒரு சிறு பகுதியை வாசிக்கலாம். வாசிக்கத் தெரியாதவர் மனனமான ஒரு செபத்தை மெதுவாகச் சொல்லலாம். பின்னர் மனத்தில் உள்ளதைச் சொல்லலாம். கோபமிருந்தால் கோபத்தையும் சொல்லலாம். காணாமற்போன மகனின் பெயரைச் சபை நடுவே சொல்ல நா எழாது. தனிமையில் சொல்லலாம், அழலாம், ஏன் என்று கேட்கலாம். யோபு இறைவனோடு வழக்காடினார். முடிவில் இறைவன் கடிந்துகொண்டது, அவருக்குப் புத்தி சொல்ல வந்த நண்பர்களையே. பேசி முடித்ததும் சிறிது நேரம் மௌனமாயிருப்போம். இறைவனும் பேச இடம் வேண்டுமல்லவா?

செபம் வயிற்றை நிரப்புமா?

காணி கிடைக்கவில்லை, கடன் தீரவில்லை, செபித்து என்ன கண்டோம் என்று இளைஞர் கேட்கின்றனர். அவர்களைக் கண்டிக்க வேண்டாம். செபம் காணி உறுதிக்கு மாற்றீடல்ல. விண்ணப்பம் கொடுக்க வேண்டியவர் கொடுக்கத்தான் வேண்டும். கேட்க வேண்டிய இடத்தில் கூட்டாகக் கேட்கத்தான் வேண்டும். அதைச் செய்யாமல் மூலையில் முழந்தாளிட்டிருப்பது பக்தியாகாது.

ஆனால் மறுபக்கத்தையும் பார்ப்போம். நல்ல நோக்கத்தோடு தொடங்கிய எத்தனை கமக்காரர் சங்கங்கள் பகையில் முடிந்தன! உரிமைக்காகக் குரல் கொடுத்த எத்தனை பேர் சில ஆண்டுகளில் மனங்கசந்து ஒதுங்கினர்! நீண்ட போராட்டத்துக்கு நீண்டு எரியும் நெருப்பு வேண்டும். பலன் தெரியாத காலத்திலும் மனிதனை நேர்மையாகவும் கசப்பின்றியும் வைத்திருக்கக்கூடிய ஊற்று தனிச் செபத்தில் இருக்கிறது.

அந்தச் செபம் உண்மையானதா என்பதை அறிய வழியும் உண்டு. அயலவனின் நீர் முறையைத் திருடாதிருக்கிறோமா? வாங்கிய கடனை ஒளிக்காதிருக்கிறோமா? சாராயத்துக்குப் போகும் காசு பிள்ளையின் கொப்பிக்குப் போகிறதா? எல்லை வேலிக்காகப் பேசாதிருந்த சகோதரனோடு பேசினோமா? மறைவில் நடந்தது உண்மையென்றால் அது இவற்றில் தெரியவரும்.

வருகின்ற போகத்துக்கு விதைநெல்லை எடுத்து வைப்பதுபோல, நாளில் பத்து நிமிடத்தை இறைவனுக்கென எடுத்து வைப்போம். பஞ்சத்திலும் விதைநெல்லில் கைவைக்காத பரம்பரை நாம். பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேளாவிட்டாலும், விடியற்காலையில் தனியே முழந்தாளிட்டிருக்கும் தாயையும் தகப்பனையும் கண்டால் மறக்கமாட்டார்கள். குருவில்லாத அந்த 30 ஆண்டுகளிலும் விசுவாசம் கைமாறியது அவ்வழியாகவே. தணலை நாம் காத்து வைத்தால், ஊதி எரியச் செய்ய ஆவியானவர் இருக்கிறார்.