காதுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி

போன வாரம் ஒரு பென்ஷன் நண்பர் போன் செய்தார். "சார், பேரனுக்கு கிட்டார் வாங்கிட்டேன். டியூனர்னு ஒண்ணு வேணுமாமே, எதை வாங்கறது? செல்போன்லயே இருக்குங்கறான், போதுமா?" என்றார். இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் நான் நாலு மாதம் வீம்பு பிடித்து அவதிப்பட்டவன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பிறந்தது புதுச்சேரி. பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தவன். அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளி, ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான வேலூருக்கு வந்து, சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு வீட்டில் குடியிருக்கிறேன். பள்ளியில் எங்களுக்குச் சங்கீத வகுப்பு உண்டு. சரிகம இல்லை, தோ ரே மி. படிப்பு முடிந்து வெளியே வரும்போது சங்கீத ஆசிரியர் ஒரு இசைக்கவையை என் கையில் கொடுத்தார். பிரெஞ்சில் அதற்கு 'தியாபசோன்' என்று பெயர். முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தால் 'லா' என்று ஒலிக்கும். அந்த லாவை வைத்து ஐந்தாவது கம்பியைச் சேர்த்து, அதிலிருந்து மற்ற ஐந்தையும் காதாலேயே சேர்ப்பேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான். இயந்திரத்தை வைத்து சுருதி சேர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரம். அதை ஒத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 17 ஓய்வூதியர் தினம் என்பது உங்களுக்குத் தெரியும். 1982-ல் அந்தத் தேதியில்தான் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த விழாவுக்காகப் பழைய சினிமாப் பாட்டுகளைப் பாட ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். கீபோர்டுக்கு ஒரு ஓய்வுபெற்ற டீச்சர். முதல் ஒத்திகையிலேயே அவர், "சார், கீபோர்டோட உங்க கிட்டார் ஒட்டலையே. எனக்குத்தான் தப்பாக் கேக்குதோ?" என்றார் மரியாதையாக. இசைக்கவையைத் தட்டி மறுபடியும் சேர்த்தேன். மறுபடியும் ஒட்டவில்லை. மூன்றாவது ஒத்திகையில் குழுவை நடத்தியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, இந்தத் தடவை நீங்க கூடச் சேர்ந்து பாடுங்க, கிட்டார் வேண்டாம்" என்றார்.

காது போய்விட்டது என்று முடிவு கட்டினேன். கிட்டார் பீரோ மேல் ஏறியது. நாலு மாதம் அதைத் தொடவில்லை. மனைவி தூசு தட்டும்போது, "இறக்கி வைக்கட்டுங்களா?" என்று கேட்பாள். நான் பேப்பரில் முகத்தை மறைத்துக்கொள்வேன்.

கடைசியில் அவளுடைய தொல்லைக்காகக் காது மருத்துவரிடம் போனேன். அவரும் ஒரு இசைக்கவையைத்தான் எடுத்தார்! 512 அதிர்வு கொண்டது. காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு முறை, காதுக்கு எதிரே ஒரு முறை வைத்துக் கேட்டார். பிறகு இயந்திரப் பரிசோதனை. வயதுக்கு ஏற்ற குறைவு இருக்கிறது, அது மேல் ஸ்தாயி ஒலிகளில்தான் என்றார். வீட்டுக்கு வந்து யோசித்தேன். கிட்டாரின் அடிக் கம்பி நொடிக்கு 82 அதிர்வு, உச்சக் கம்பி 330. வயதானவர்களுக்கு முதலில் மங்குவது இதற்கெல்லாம் வெகு மேலே இருக்கும் ஒலிகள். அப்படியென்றால் கோளாறு எங்கே?

கோடை விடுமுறைக்கு வந்த பேத்தி கண்டுபிடித்தாள். கிட்டாரை இறக்கிக் கொடுத்து, "நான் சேர்த்து வச்சது, பாரு" என்றேன். துணிக் கிளிப் மாதிரி ஒன்றை அதன் தலையில் மாட்டினாள். கம்பியைத் தட்டினால் முள் ஒன்று ஆடியது. "தாத்தா, ஆறு கம்பியும் ஒரே அளவு கம்மியா இருக்கு. ஒவ்வொண்ணும் இருபது சென்ட். காது கெட்டிருந்தா ஒண்ணொண்ணும் ஒவ்வொரு மாதிரி இல்ல தப்பாகும்?" என்றாள்.

சென்ட் என்றால் நமக்கு நிலம்தான் ஞாபகம் வரும். நூறு சென்ட் ஒரு ஏக்கர். சங்கீதத்தில் நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு அரைஸ்வரம், அதாவது கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம். அதில் ஐந்தில் ஒரு பங்கு நான் கீழே இருந்திருக்கிறேன், ஆறு கம்பியிலும் ஒரே சீராக. தனியாக வாசித்தால் யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியவில்லை. கீபோர்டு பக்கத்தில் வந்ததும் உடைந்துவிட்டது.

குற்றவாளி இசைக்கவை. அதன் காம்பில் 870 என்று பொறித்திருக்கும். அது என்ன கணக்கு என்று நான் கேட்டதே இல்லை. பழைய பிரெஞ்சுக் கணக்கில் போவது ஒன்று, வருவது ஒன்று என்று இரண்டாக எண்ணுவார்கள். நம் கணக்கில் அது 435. இன்று உலகமெங்கும் லாவுக்கு 440. இடையில் இருப்பது அந்த இருபது சென்ட்.

எழுத்தனாக இருந்தவனுக்கு இதில் ஒரு தனி ருசி. 1859 பிப்ரவரியில் பிரெஞ்சு அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டு, அதில் ரொசினி, பெர்லியோஸ் போன்ற இசைமேதைகளையும் லிசாஜூ என்ற இயற்பியலாரையும் உட்கார வைத்து, லா என்றால் 435 என்று அரசாணையே போட்டுவிட்டது! 1885-ல் வியன்னா மாநாடும் அதை ஏற்றது. முதல் உலகப் போரை முடித்த 1919 வெர்சாய் உடன்படிக்கையில், தொடர்ந்து அமலில் இருக்கும் பழைய ஒப்பந்தங்களின் பட்டியலில் இந்த சுருதி ஒப்பந்தத்துக்கும் ஒரு வரி உண்டு. பிறகு 1939-ல் லண்டன் மாநாட்டில் 440 என்று மாற்றினார்கள். ஆணை ரத்தான செய்தி என் இசைக்கவைக்கு மட்டும் வந்து சேரவில்லை. பழைய ஜி.ஓ.வை வைத்துக்கொண்டு பில் பாஸ் செய்தவன் கதைதான் என்னுடையது.

நம் கர்நாடக சங்கீதத்தில் இந்தத் தொல்லை இல்லை. பாடுபவரின் குரலுக்கு ஏற்ப ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று சட்ஜமே நகர்ந்துகொள்ளும். தம்புராவை அவருக்குச் சேர்த்தால் போதும். கிட்டாரும் கீபோர்டும் சேரும்போதுதான் எல்லோருக்கும் பொதுவான ஒரு புள்ளி தேவைப்படுகிறது. டியூனர் அந்தப் புள்ளியைக் காட்டும் சாதனம், அவ்வளவே.

சரி, எதை வாங்குவது? என் அபிப்பிராயம் கிளிப் டியூனர். கம்பியின் அதிர்வு மரத்தின் வழியாக வருவதை அது தொட்டு உணர்கிறது. நீங்கள் ஹைவே ஓரம் குடியிருந்தாலும், மேலே மின்விசிறி சுற்றினாலும், தெருவில் திருவிழா ஸ்பீக்கர் அலறினாலும் அதற்குக் கவலையில்லை. செல்போன் செயலி மைக்கை நம்பியிருக்கிறது. அமைதியான அறையில் நன்றாகவே வேலை செய்யும், நாலு பேர் பேசும் இடத்தில் திணறும். காலால் மிதிக்கும் பெடல் டியூனர், பாஸ் டியூ-3 மாதிரி, மேடையில் மின்சார கிட்டார் வாசிப்பவருக்கு. சுருதி சேர்க்கும்போது சத்தத்தை வெளியே விடாது. பிக்கப் இல்லாத மர கிட்டாருக்கு அதை எங்கே சொருகுவது?

கிளிப்பிலும் விலை சில நூறு ரூபாயில் தொடங்குகிறது. கடையில் நான்கு விஷயம் பாருங்கள். முதலாவது திரை. நம் வயதுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும் பெரிய எழுத்து, சரியானதும் நிறம் மாறும் வசதி. இரண்டாவது, 440 என்ற அளவை மாற்றும் பொத்தான். அது இருப்பது நல்லது, தெரியாமல் கைபட்டு 435 ஆகிவிட்டால் என் கதிதான். ஒவ்வொரு முறையும் திரையில் அந்த எண்ணைப் பாருங்கள். மூன்றாவது, எல்லா ஸ்வரமும் காட்டும் முறையோடு கிட்டாருக்கான தனி முறையும் இருக்க வேண்டும். முதல் முறையில் பல கருவிகள் 'ஈ' என்று காட்டுமே தவிர எந்த ஸ்தாயி என்று சொல்லாது. குழந்தைகள் மேல் ஸ்தாயிக்கு முறுக்கிக் கம்பியை அறுத்துக்கொள்வார்கள். நான்காவது பேட்டரி. பெரும்பாலும் சிஆர்2032 என்ற காசு வடிவம். சின்னக் குழந்தை விழுங்கிவிட்டால் ஆபத்து. மூடிக்கு ஸ்குரூ இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

பேஸ் கிட்டார் என்றால் அதன் அடிக் கம்பி நொடிக்கு 41 அதிர்வுதான். மலிவான கிளிப்புகள் அங்கே தடுமாறும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் இரட்டிப்பாக 82-ல் ஒலிக்கும். அதை உடனே பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. சாவியை எப்போதும் தளர்த்தி, கீழிருந்து மேலே வந்து நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் சிறிது நேரத்தில் நழுவும். நம்மூர் வெயிலில் கம்பி விரிந்து சுருதி இறங்கும் என்பதால், வாசிக்கும் இடத்தில் பத்து நிமிடம் வைத்த பிறகு சேர்ப்பது நல்லது.

அப்படியானால் காதுக்கு வேலை இல்லையா என்று கேட்பீர்கள். இதற்கு என் பக்கத்து வீட்டு பாய்தான் பதில் சொன்னார். ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தவர். அங்கே தோலின் கனம் பார்க்கக் கருவி உண்டு. "நாங்க ரெண்டு விரல்ல புடிச்சே ஒன்னு புள்ளி ரெண்டு மில்லின்னு சொல்லுவோம் சார். அப்புறம்தான் கேஜ் வெப்போம். விரல் வேலைக்கு, கேஜ் சண்டை தீக்கறதுக்கு" என்றார். புதுப் பையன்களை முதலில் விரலால் சொல்ல வைத்து, பிறகுதான் கேஜைக் கையில் கொடுப்பாராம். கேஜ் மட்டும் வைத்துப் பழகியவனுக்கு, அது ரிப்பேரானால் அன்றைக்குக் கை ஓடாது என்றும் சொன்னார்.

சுருதிக்கும் அதே நியாயம்தான். இன்னும் ஒரு படி மேலே சொல்வேன். டியூனர் ஆறு கம்பியும் சரி என்று பச்சை விளக்கு காட்டிய பிறகும், தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு சில ஸ்வரக்கட்டுகள் கரகரக்கும். அது உங்கள் தவறல்ல. தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் 386 சென்ட். கிட்டாரின் ஃப்ரெட்டுகள் எல்லா ஸ்வரத்தையும் சம தூரத்தில் பங்கு போட்டதால் அங்கே 400. பதினாலு சென்ட் வித்தியாசம். டியூனர் சொல்வதும் சரி, காது சொல்வதும் சரி. இந்த வித்தியாசத்தைக் கேட்கத் தெரிந்தவன்தான் சங்கீதம் கற்றவன். அதை எந்தக் கிளிப்பும் கற்றுத் தராது.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது இதுதான். பேரனுக்குக் கிளிப் வாங்கிக் கொடுங்கள். ஐந்தாவது கம்பியை மட்டும் அதைப் பார்த்துச் சேர்க்கட்டும். மற்ற ஐந்தையும் காதால் சேர்த்துவிட்டு, பிறகு கிளிப்பை வைத்துத் திருத்தட்டும். ஆரம்பத்தில் கால் மணி நேரம் ஆகும், அழுவான், விட்டுக்கொடுக்காதீர்கள். நம் போன்ற கிழவர்களுக்கு அந்தக் கட்டாயம் வேண்டாம். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ள யாராவது வெட்கப்படுகிறோமா? இதுவும் காதுக்கு ஒரு கண்ணாடி. இதை வாங்காமல் வீம்பு பிடித்துக் கிட்டாரைப் பீரோ மேல் ஏற்றுவதுதான் வெட்கம். நாலு மாதம் என்பது எழுபது தாண்டியவனுக்குச் சின்னக் கணக்கல்ல.

போன டிசம்பரில் நான் வாசித்தேன். ஆரம்பிப்பதற்கு முன் டீச்சர் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தி, என் பக்கம் பார்த்துத் தலையாட்டினார். இசைக்கவையும் கிட்டார் பெட்டிக்குள்தான் இருந்தது. தனியாக வாசிக்கும் ராத்திரிகளில் டியூனரை 435-க்கு மாற்றி வைத்துக்கொள்கிறேன். என் ஆசிரியரின் லா அது.