வீட்டை விற்கிறார்கள்; அயலை யார் தருவார்?

மூடுபனிக்குள் ஓட்டுக்கூரை போட்ட ஒரு வில்லா. அதன் தாழ்வாரத்தில் கையில் காப்பிக் கோப்பையோடு புன்னகைக்கும் நரைத்த தம்பதி. ஓய்வுக்காலக் குடியிருப்புகளின் விளம்பரங்கள் இந்த ஒரே படத்தைத்தான் மாற்றி மாற்றி அச்சிடுகின்றன. பின்னணியில் உள்ள மலை ஏற்காடாக இருக்கலாம், குன்னூராக இருக்கலாம், கோவைக்கு மேற்கே தெரியும் மலைத்தொடராகவும் இருக்கலாம். படத்திலுள்ள தம்பதிக்கு மூட்டுவலி கிடையாது. அவர்களில் ஒருவர் மற்றவருக்கு முன்னதாக இறக்கப்போவதும் இல்லை. நள்ளிரவில் மூச்சுத்திணறல் வந்தால் எந்த வளைவில் ஆம்புலன்ஸ் திரும்பும் என்ற கவலையும் அவர்களுக்கு இல்லை.

இந்தப் படத்தை நம்பி முதியவர்கள் தம் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுகிறார்கள். எத்தனை படுக்கையறை, எந்தத் திசை வாசல், சன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியுமா என்று கேட்கிறார்கள். இவை விடுதி அறை எடுப்பவர் கேட்கும் கேள்விகள் என்பது எங்கள் கருத்து. மூன்று நாள் தங்கப்போகிறவருக்குக் காட்சி போதும். இருபது ஆண்டு வாழ்ந்து அங்கேயே இறக்கப்போகிறவருக்கு வேண்டியது அயல். அயலைப் பற்றி எந்த விளம்பரமும் பேசுவதில்லை. ஏனெனில் அதைக் கட்டி விற்க யாராலும் முடியாது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. இன்று 'கிழவன்' என்றால் வசைக்குப் பக்கத்தில் நிற்கும் சொல். தொல்காப்பியத்தில் அது தலைவனைக் குறிக்கும். 'கிழத்தி' தலைவியைக் குறிக்கும். கிழமை என்பது உரிமை. உரிமை உடையவன் கிழவன். நிலத்துக்கு உரியவர்களைக் கிழார் என்றதும் அவ்வழியே. இளமையும் காதலும் நிறைந்த தலைமக்களுக்கு வழங்கிய சொல் எப்படியோ முதுமையின் மேல் ஏறி, அதன்பின் தன் பழைய பொருளையும் இழந்தது. ஓய்வுக்காலக் குடியிருப்பை எடைபோட எங்களுக்கு இந்தச் சொல் ஒன்றே போதுமான தராசு. அங்கே போகிற முதியவர் உரியவராக இருக்கிறாரா, அல்லது வாடிக்கையாளராக மட்டுமா?

முதியோர் தனிக் குடியிருப்பே கூடாது என்று கண்ணீர் வடிக்கும் கட்சியினர் நாங்கள் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல். இந்தியச் சராசரியோ ஒன்பதைக்கூடத் தொடவில்லை. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், இருக்கும் ஒருவரும் சிங்கப்பூரிலோ டெக்சாஸிலோ இருக்கிறார். கூட்டுக்குடும்பப் பொற்காலத்தைப் பற்றி உருகுவோர், அந்தக் காலத்தில் படுக்கையில் கிடந்த மாமியாருக்குக் கஞ்சி ஊட்டியதும் மலச்சட்டி எடுத்ததும் யார் என்பதைச் சொல்வதில்லை. மகன் பார்த்துக்கொண்டான் என்று பெயர். பார்த்துக்கொண்டவள் மருமகள், கூலியின்றி, விருப்பம் கேட்கப்படாமலே. அந்த ஏற்பாடு குலைந்ததற்காக நாங்கள் வருந்தப்போவதில்லை. அதன் இடத்தில் எதை வைக்கிறோம் என்பதே எங்கள் கேள்வி.

இப்போது வைக்கப்படுவது பெரும்பாலும் அமெரிக்க இறக்குமதி. 1960 ஜனவரி 1 அன்று அரிசோனா பாலைவனத்தில், ஃபீனிக்ஸ் நகருக்கு அருகே, டெல் வெப் என்ற கட்டுமானத் தொழிலதிபர் 'சன் சிட்டி'யைத் திறந்தார். மாதிரி வீடுகள், கடைத்தொகுதி, பொழுதுபோக்குக் கூடம், கோல்ஃப் மைதானம் எல்லாம் முதல் நாளே தயாராக இருந்தன. முதுமை என்பது ஓய்வு, ஓய்வு என்பது கேளிக்கை என்ற சமன்பாட்டை அந்த ஊர் உலகுக்கு விற்றது. அதன் பெரிய வாரிசாக ஃபுளோரிடாவில் 'தி வில்லேஜஸ்' பரந்து கிடக்கிறது. 2010க்கும் 2020க்கும் இடையே அமெரிக்காவிலேயே மிக வேகமாக வளர்ந்த பெருநகர்ப் பகுதி அதுதான். அங்கே வீடு தேடுவோர் கோல்ஃப் வண்டியில் எத்தனை நிமிடத்தில் சதுக்கத்தை அடையலாம் என்று கணக்கிட்டுத் தம் பேட்டையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சன் சிட்டி வரலாற்றில் ஒரு பக்கத்தை விளம்பரக்காரர்கள் புரட்டிக் காட்டுவதில்லை. தம் பகுதிப் பள்ளிகளுக்கு நிதி திரட்டும் தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வந்தபோதெல்லாம் அவ்வூர் முதியவர்கள் அவற்றைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 1970களில் சன் சிட்டியே அந்தப் பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அவர்கள் கொடியவர்கள் அல்லர். கண்ணெதிரே குழந்தை நடமாடாத ஊரில் பள்ளிக்கூடம் வெறும் வரிச்சுமையாகத்தான் தெரியும். ஒரே வயதினரை ஓரிடத்தில் குவித்து மதில் எழுப்பினால் நல்ல மனிதர்களின் கருணையும் அந்த மதிலோடு நின்றுவிடுகிறது.

நம் நாட்டிலும் ஒரு முன்கதை உண்டு. 1933இல் எர்னஸ்ட் திமோதி மெக்கிளஸ்கி என்ற கல்கத்தா வணிகர், ஆங்கிலோ இந்தியர்களுக்கென்று இன்றைய ஜார்க்கண்டின் காட்டுப் பகுதியில் மெக்கிளஸ்கிகஞ்ச் என்ற குடியிருப்பைத் தொடங்கினார். அது முதியோருக்கென்று அமைந்த ஊர் இல்லை. ஆனால் தம்மைப் போன்றவர்கள் மட்டும் வாழும் சோலை என்ற அதே கனவு. சில நூறு குடும்பங்கள் பங்களா கட்டிக் குடியேறின. பிள்ளைகளுக்கு அங்கே பிழைப்பு இல்லை. சுதந்திரத்துக்குப் பின் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களும், தனித்த முதியவர்களும், விற்க முடியாத பங்களாக்களும் மிஞ்சின. ஊருக்கு மூச்சு திரும்பியது 1997இல் அங்கே ஒரு பள்ளி வந்தபோது. வெளியூர் மாணவர்களைத் தங்கவைத்துச் சோறு போடும் விடுதிகளாகப் பல வீடுகள் மாறின. முதுமையில் காலியாகிக்கொண்டிருந்த ஊரைக் காப்பாற்றியவை பிள்ளைகளின் கூச்சல்தான்; தோட்டங்களும் அமைதியும் அதைச் செய்யவில்லை.

இந்தப் பின்புலத்தோடு சேர்வராயன் மலைக்கு வருவோம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டை 'காலி நிலமும் நல்ல காற்றும்' என்று வருணிப்பவர்கள் அங்கே யார் வாழ்கிறார்கள் என்பதை எளிதாகக் கடந்துபோகிறார்கள். இந்த மலையின் பழங்குடிகள் மலையாளிகள். கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசுவோர். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று தம்மைப் பற்றிக் கதை சொல்வோர். குகைக்குள் இருக்கும் சேர்வராயனுக்கு ஆண்டுதோறும் மே மாதத்தில் விழா எடுப்போர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருப்பது அவர்கள் எண்ணிக்கைக்குச் சான்று. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்து இம்மலைக்கு மேலிருந்து முதலாளிகளும் கீழிருந்து கூலிகளும் வந்த வண்ணம் இருக்கிறார்கள். 1894இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் பள்ளியும் 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை மலைக்கு ஏற்றுகின்றன. பள்ளி, எஸ்டேட், கோயில், கடைத்தெரு, ஏரிக்கரை எல்லாம் சேர்ந்த ஊர் இது. அயல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இத்தகைய ஊருக்குள் ஒரு முதியவர் சிறு வீடு எடுத்து வாழ்ந்தால், காப்பித் தோட்டத்து மேஸ்திரியும் பள்ளி ஆசிரியையும் மளிகைக்கடைக்காரரும் அவரை அறிவார்கள். இரண்டு நாள் காணாவிட்டால் யாராவது கதவைத் தட்டுவார்கள். அதே முதியவர் ஊரைவிட்டு விலகிய சரிவில், வாயிற்காவலுக்குப் பின்னே, தம் வயதினர் முந்நூறு பேரோடு வாழ்ந்தால், அவருக்கும் மலைக்குமான உறவு சம்பளப் பட்டியலோடு முடிந்துபோகும். அங்கே பெருக்குபவரும் சமைப்பவரும் படுத்த முதியவரைப் புரட்டிப் போடுபவரும் சுற்றியுள்ள கிராமத்துப் பெண்களாகவே இருப்பார்கள். தம் வீட்டு முதியவரை விட்டுவிட்டு வரும் அந்தப் பெண்ணின் முதுமைக்கு எந்த வில்லா இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பேட்டை பார்ப்பவர் மருமகளின் கூலியில்லா உழைப்பை மலையாளிப் பெண்ணின் மலிவான உழைப்பாக மாற்றிக்கொண்டார், அவ்வளவே.

'ஒத்த மனமுள்ளோர் சூழல்' என்று ஒரு சொற்றொடர் இப்போது புழங்குகிறது. பெரும்பாலும் அதன் அடுத்த வரியில் 'சைவ உணவு மட்டும்' என்றிருக்கும். இந்தக் குறிமொழியைத் தமிழ் வாசகருக்கு நாங்கள் விளக்கவேண்டியதில்லை. அக்ரகாரத்தைக் கலைத்ததாகப் பெருமைப்பட்ட ஒரு நூற்றாண்டு, அறுபது வயதில் அதை லிஃப்ட் வசதியோடு திரும்பக் கட்டிக்கொள்கிறது. அவரவர் தட்டில் அவரவர் விரும்பியதை உண்ணலாம். அதில் எங்களுக்கு வழக்கில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் தட்டைப் பார்த்து அயலைத் தேர்ந்தெடுப்பதுதான் எங்கள் வழக்கு.

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல எங்களிடம் உறுதியான சில உண்டு. கோடை விழா நடக்கும் மே மாதத்தில் போய் இடம் பார்க்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் போய் ஒரு வாரம் தங்குங்கள். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. ஏற்காட்டில் அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் இதயத்துக்கோ மூளைக்கோ ஆபத்து என்றால் அத்தனை வளைவும் இறங்கிச் சேலம் போகவேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரைகடந்த பின் பெய்த மழையில், இம்மலைப் பாதையில் மண்சரிந்து போக்குவரத்து முடங்கியது. அந்த நாட்களை மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டின் இருப்பிடத்தைப் பாருங்கள்.

பெரிய குடியிருப்பானால், பள்ளத்தாக்கைப் பார்த்த கடைசி வரிசை வீட்டுக்கு அதிக விலை சொல்வார்கள். அங்கிருந்து உணவுக்கூடத்துக்கு எத்தனை படி, எவ்வளவு ஏற்றம் என்று பாருங்கள். எழுபதில் உடற்பயிற்சியாகும் ஏற்றம் எண்பதில் சிறைச்சுவர். வாயிலுக்கும் உணவுக்கூடத்துக்கும் அருகே, தரைத்தளத்தில், ஆள்நடமாட்டம் தெரியும் வீடே மேல். வெளியே பேருந்து நிற்குமா, நீங்களாக நடந்துபோய் ஒரு தேநீர் குடித்துத் திரும்ப முடியுமா, பேரப்பிள்ளை வந்தால் எத்தனை நாள் தங்க விதி அனுமதிக்கிறது என்று கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கோடையில் கீழுள்ள கிராமத்துக்கும் அது கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. உரிய அனுமதி இல்லாத கட்டடத்தில் முதுமையைக் கழிப்பது நீதிமன்ற வாசலில் கழிப்பதற்குச் சமம்.

ஒப்பந்தத்தைப் படியுங்கள். வீடு விற்பவர் ஒருவர், சேவை நடத்துபவர் இன்னொருவர் என்பதே இங்கு வழமை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி கட்டுமானக் குறைகளுக்குக் கட்டுநரின் பொறுப்பு 5 ஆண்டு. 65 வயதில் குடிபுகுபவருக்கு உண்மையான தேவை தொடங்குவதற்குள் அது முடிந்துவிடும். பத்தாண்டு கழித்துச் சேவை நிறுவனம் கைவிட்டால் யார் பொறுப்பு? மாதக் கட்டணத்தை உயர்த்த வரம்பு உண்டா? துணைவர் இறந்தபின் தனித்திருப்பவர் என்ன கட்டவேண்டும்? நினைவு தப்பியவரை வைத்துக்கொள்வார்களா, வெளியேற்றுவார்களா? 2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி நெறிமுறைகள் கட்டுநர், சேவை நடத்துநர், வீடு பெறுபவர் ஆகிய மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் வேண்டும் என்கின்றன. மாதிரி நெறி என்பது சட்டம் ஆகாது. ஆகவே அந்த மூன்றாவது கையெழுத்தை நாமே கேட்டு வாங்கவேண்டும். தர மறுப்பவரிடம் எத்தனை அழகான பள்ளத்தாக்கு இருந்தாலும் இறங்கிவிடுவது நல்லது.

'பாதுகாப்பும் நிம்மதியும் தேடிப் போகிறவரை ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?' என்று கேட்கப்படும். கூண்டில் நாங்கள் ஏற்றுவது முதியவரை அன்று. அவருடைய பயத்தை மூலதனமாக்கும் வணிகத்தையும், அந்த வணிகத்திடம் முதியவரை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிய அரசையும்தான். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், ஆதரவற்ற முதியோர் 150 பேருக்கேனும் மாவட்டத்துக்கு ஓர் இல்லம் என்ற படிமுறையில் மாநில அரசுகள் ஏற்படுத்தலாம் என்றது. 'லாம்' என்ற அந்த ஒற்றை விகுதிக்குள் எத்தனை முதியவர்கள் காத்திருக்கிறார்கள்! வசதியுள்ளவருக்கு வில்லா, இல்லாதவருக்கு விகுதி.

ஓய்வுக்காலக் குடியிருப்புகள் பெருகத்தான் போகின்றன. அவை மதிலுக்குள் ஒடுங்கும் முகாம்களாகாமல், ஊரோடு கலந்த தெருக்களாக, பள்ளிக்குப் பக்கத்தில், மருத்துவமனைக்கு எட்டும் தூரத்தில், அங்கே வேலை செய்பவரும் முதுமையடையத்தக்க இடங்களாக அமையவேண்டும் என்று கேட்பதற்கான நேரம் இதுவே. கேட்கவேண்டியவர்கள் இன்று ஐம்பதைக் கடந்துகொண்டிருக்கும் நாம். வீட்டுச் சாவி கைக்கு வந்தபின் கேட்பவர் வாடிக்கையாளர். அதற்கு முன்பே கேட்பவர்தான் பழைய பொருளில் கிழவர்.