பிங்க் பேண்ட் வாங்கினால் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு போகுமா?

அக்டோபர் வந்தாலே ஷாப்பிங் ஆப் எல்லாம் பிங்க் நிறத்துக்கு மாறிவிடும். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்பதால் கைப்பட்டை, கீ செயின், ரிப்பன் பின், டி-ஷர்ட் என்று வரிசை கட்டும். ‘விற்பனையில் ஒரு பகுதி புற்றுநோய்க்கு’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரியும் இருக்கும். மணிமங்கலத்தில் ரூம் எடுத்துத் தங்கி, ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ ஷிப்ட் போகிற ஒருவர் தன் சம்பளத்தில் 299 ரூபாய் கொடுத்து அதை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காசு ஆராய்ச்சிக்கூடம் வரைக்கும் போய்ச் சேருமா?

பெரும்பாலும் சேராது. ஆனால் சேர்ந்த வரலாறும் உண்டு. எப்போது சேரும், எப்போது சேராது என்பதைப் பார்ப்போம்.

‘ஒரு பகுதி’ என்றால் எவ்வளவு?

இங்கேதான் சிக்கலே. ‘ஒரு பகுதி’ என்பது 50 ரூபாயாகவும் இருக்கலாம், 50 பைசாவாகவும் இருக்கலாம். லாபத்தில் ஒரு பகுதி என்று போட்டிருந்தால் தயாரிப்பு, பேக்கிங், விளம்பரம், டெலிவரி எல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதில்தான் பங்கு. சில கம்பெனிகள் உச்சவரம்பும் வைத்துவிடும். அந்தத் தொகையைத் தொட்ட பிறகு நீங்கள் வாங்கினாலும் நன்கொடையில் ஒரு பைசா கூடாது.

இதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. யோப்ளே என்ற தயிர் நிறுவனம், பிங்க் மூடியைக் கழுவி அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் 50 சென்ட் தருவதாக அறிவித்தது. லட்சக்கணக்கில் மூடிகள் வந்து குவிந்தன. ஆனால் நன்கொடைக்கு 1 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு இருந்தது. 1999-ல் ஜார்ஜியா மாநில அட்டர்னி ஜெனரல் தலையிட்ட பிறகு நிறுவனம் கூடுதல் தொகை கொடுக்க வேண்டிவந்தது.

ரிப்பன் கதையே அப்படித்தான்

முதலில் வந்தது பிங்க் ரிப்பன் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் சார்லட் ஹேலி என்ற அமெரிக்கப் பெண்மணி, வீட்டிலேயே பீச் பழ நிறத்தில் ரிப்பன் செய்து விநியோகித்தார். கூடவே ஒரு அட்டை. அரசின் புற்றுநோய் ஆராய்ச்சி பட்ஜெட்டில் நோய்த் தடுப்புக்கு 5 சதவீதம்தான் போகிறது, இதை மாற்றுங்கள் என்பதுதான் அதன் கோரிக்கை. ஒரு பத்திரிகையும் ஒரு அழகுசாதன நிறுவனமும் அந்த ரிப்பனைக் கேட்டபோது, வியாபாரமாகிவிடும் என்று அவர் மறுத்தார். அவர்கள் நிறத்தை பிங்க் என்று மாற்றி 1992-ல் கொண்டுவந்தார்கள். பட்ஜெட் கோரிக்கை காணாமல் போனது, ரிப்பன் மட்டும் மிஞ்சியது.

2004-ல் வந்த மஞ்சள் ‘லிவ்ஸ்ட்ராங்’ கைப்பட்டை ஞாபகம் இருக்கிறதா? சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் அறக்கட்டளைக்காக 1 டாலருக்கு விற்றது, கோடிக்கணக்கில் போனது. அதை மாட்டியவர்களில் பலர் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கக் காசு கொடுத்ததாகவே நினைத்தார்கள். அந்த அறக்கட்டளையோ அடுத்த சில ஆண்டுகளில் ஆராய்ச்சி மானியத்தை விட்டுவிட்டு, நோயாளிகளுக்கான உதவிச் சேவைகளின் பக்கம் திரும்பியது. அதுவும் நல்ல வேலைதான். ஆனால் அது ஆராய்ச்சி இல்லை.

அப்போ எதுவுமே வேலை செய்யலையா?

செய்திருக்கிறது. 1938-ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய போலியோ அமைப்பு, மக்களிடம் கேட்டது ஆளுக்கு 10 சென்ட். சட்டையில் குத்தும் பின்னும் விற்றார்கள். அந்தச் சில்லறைக் காசு சேர்ந்துதான் ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி ஆராய்ச்சிக்குப் போனது. 1955 ஏப்ரல் 12-ல் தடுப்பூசி பலன் தருகிறது என்று அறிவிக்கப்பட்டது.

2014-ல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்ட சவாலைக் கிண்டல் செய்தவர்கள் நிறைய. அதில் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கான அமெரிக்க அமைப்புக்கு 11.5 கோடி டாலர் வந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி உதவிய ஆய்வில், நோயோடு தொடர்புடைய ஒரு மரபணு 2016-ல் அடையாளம் காணப்பட்டது. இரண்டிலும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு: பணம் கடை வழியாகச் சுற்றிவரவில்லை, ஆராய்ச்சியை வேலையாக வைத்திருந்த அமைப்புக்கே நேராகப் போனது.

நம்ம ஊர் அனுபவம் என்ன சொல்லுது?

மணிமங்கலத்திலிருந்து முடிச்சூர் வழியாகத் தாம்பரம் போனால் வருவது சானடோரியம். 1928-ல் டாக்டர் சவரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனைதான் அந்தப் பெயருக்குக் காரணம். அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் அங்கே தங்கினால்தான் சிகிச்சை. காசநோய் ஒழிப்புக்காகக் கடிதத்தில் ஒட்டும் ‘டி.பி. சீல்’ நம் நாட்டில் பல பத்தாண்டுகளாக விற்கப்படுகிறது. இன்றைய கைப்பட்டைக்கு அதுதான் முன்னோடி.

ஆனால் காசநோய் சிகிச்சையைத் தலைகீழாக மாற்றிய ஆய்வுக்குப் பணம் வந்த வழி வேறு. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் என எல்லாமே பொதுப்பணத்தில் இயங்குபவை. வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் தங்கியவர் அளவுக்குக் குணமாகலாம் என்று 1959-ல் அது நிரூபித்தது. உலகமே பின்பற்றியது. ஆராய்ச்சிக்கு வருஷக்கணக்கில் நிற்காமல் வரும் பணம் தேவை. ஒரு மாத சீசன் விற்பனையால் அதைத் தர முடியாது.

கம்பெனியே விற்றால்?

ஒரகடம் பக்கம் பெரிய கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானமோ லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அரசு நிதியில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கும் அதைத் தரலாம். ஆனால் தன் பொருளுக்கு விளம்பரம் தேடும் ஸ்பான்சர்ஷிப்பை இந்தக் கணக்கில் காட்ட முடியாது. எந்தத் திட்டத்துக்குப் பணம் போகிறது என்பதை நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் விவரத்தையும் தேடிப் பார்க்கலாம்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

* ஒரு பொருளுக்கு எத்தனை ரூபாய் போகிறது? சதவீதம் என்றால் விலையிலா, லாபத்திலா?
* பணம் பெறும் அமைப்பின் பெயர் போட்டிருக்கிறதா?
* உச்சவரம்பு உண்டா?
* பணம் ஆராய்ச்சிக்கா, சிகிச்சைக்கா, விழிப்புணர்வுக்கா?

பதில் கிடைக்காவிட்டால், பிடித்த பொருள் என்றால் வாங்குங்கள், நன்கொடை என்று நினைத்து வாங்காதீர்கள். அந்த 299 ரூபாயை நேராகவே கொடுக்கலாம். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், இன்று சிகிச்சையோடு ஆராய்ச்சியும் செய்கிறது. நேரடி நன்கொடைக்கு முழுத் தொகைக்கும் ரசீது கிடைக்கும். பழைய வரி முறையில் இருப்பவர்கள், அமைப்புக்கு அனுமதி இருந்தால் வரிச்சலுகையும் கேட்கலாம். கைப்பட்டை வாங்கிய பில்லுக்கு அது கிடையாது.

இன்னொன்று, இதற்குக் காசே வேண்டாம். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான முதல்கட்டப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். லைனில் 8 மணி நேரம் நின்றுவிட்டு வரும் அக்காவுக்கு ஒரு பிங்க் பேண்ட் வாங்கித் தருவதைவிட, வார லீவில் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போவது பெரிய உதவி.