விருப்பப் பாடமா, விதித்த பாடமா?

பனிரெண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைக் கம்மாபுரத்திலே நிறுத்தி, "மேலே என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு காலேஜில் எந்தப் பாடம் கிடைக்கின்றதோ அது" என்பான் ஒருவன். "அப்பா பீங்கான் வேலை, நானும் பீங்கான் டிப்ளமோ" என்பான் மற்றொருவன். "பொழுது சாய்வதற்குள் பஸ்ஸில் வீடு திரும்புகிற காலேஜானால்தான் அனுப்புவார்கள்" என்பாள் ஒரு பெண். "எனக்கு இது பிடிக்கும்" என்கின்ற வார்த்தை இம்மூன்றிலே எங்கேயாவது இருக்கின்றதா?

ஆனால் பெரிய மனிதர்கள், "அவரவர் விருப்பப்படி அவரவர் படிக்கின்றார்கள், இதில் ஜாதி ஏது, பணம் ஏது?" என்கின்றார்கள். முன்னே இதற்குத் தலைவிதி என்று பெயர். தலைவிதிக்கு மரியாதை குறைந்துபோகவே, "விருப்பம்" என்று பெயரை மாற்றிக் கொண்டார்கள். விருத்தாசலத்துப் பட்டறையிலே களிமண் கூழைப் பொம்மை அச்சில் ஊற்றினால் பொம்மையாகின்றது. மண் விரும்பித்தான் பொம்மையாயிற்று என்று யாராவது சொல்லுவார்களா?

1953-ல் ராஜகோபாலாச்சாரியார், பாதி நேரம் பள்ளிக்கூடம், பாதி நேரம் தகப்பன் தொழில் என்று திட்டம் போட்டார். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் வந்ததும் அது ஒழிந்தது. சர்க்கார் போட்ட உத்தரவை சர்க்காரே ரத்து செய்தது. வறுமை போடுகின்ற உத்தரவை யார் ரத்து செய்வது?

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை நீட் பரீட்சையில் தவறினால், பணம் கட்டிப் படித்து மறுவருஷம் எழுதுகின்றது. கூலிக்காரர் பிள்ளைக்கு அந்த ஒரு வருஷத்தை யார் கொடுப்பார்கள்? தோற்றுப்போக வசதியுள்ளவனுக்குத்தான் இந்நாட்டிலே விருப்பம் என்பது உண்டு.

பீங்கான் படிப்பு மட்டம், சரித்திரம் மட்டம் என்று நாம் சொல்லவில்லை. பீங்கான் தொழிலாளி பிள்ளை வைத்தியம் படிக்கட்டும். வைத்தியர் பிள்ளை பீங்கான் படிக்க வரட்டும். இரண்டும் சகஜமாக நடக்கின்ற அன்றைக்கு அதை விருப்பம் என்று ஒப்புக் கொள்ளுகின்றோம்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்பதும் நியாயமாகாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் மருத்துவத்திலும், 2021-ல் இன்ஜினீயரிங், சட்டம், விவசாயம் முதலிய படிப்புகளிலும் 7.5 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. அப்படிப் படிக்கும் பெண்களுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. ஆனால் கதவு திறந்திருப்பது தெரியாதவனுக்கு அது மூடின கதவேயாகும். ஆகவே ஊரில் முதலில் பட்டம் வாங்கினவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து, எந்த மனுவை எப்போது போடுவது என்று சொல்லிக் கொடுக்கட்டும். திருவிழாவுக்கு வரி வசூலிக்கின்ற ஊரார், படிப்புக்கும் வருஷம் ஒருமுறை வசூலிக்கட்டும்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோவிலிலே பிராது எழுதிக் கட்டுகின்றோம் அல்லவா? நமக்கு எழுதத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தக் காகிதத்திலேயே, "எங்கள் பெண் தூரத்துக் காலேஜில் தங்கிப் படிக்க விடுதியில் இடம் வேண்டும்" என்று எழுதி, பதில் சொல்லக் கடமைப்பட்ட சர்க்காரிடம் கொடுங்கள். பதில் வருகிறவரை விடாதீர்கள்.