படகில் சுற்றினால் தீவு தெரியாது

"கரீபியன் தீவுக்கு உல்லாசப் படகில் போய் வந்தோம்" என்று நம்மூர்க்காரர்கள் சொல்லும்போது எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. தீவுக்குப் போனீர்களா, தீவைச் சுற்றியுள்ள தண்ணீருக்குப் போனீர்களா? பிரான்சில் பிள்ளைகள் இருக்கிற புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் சில குளிருக்குத் தப்பி குவாதலூப் போகின்றன. விமான நிலையத்திலிருந்து நேரே படகுத்துறை. ஒரு வாரம் கடல். திரும்பும்போது கைப்பேசி நிறைய நீலத் தண்ணீர்.

வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மகள் குடும்பத்தோடு நானும் போனேன். வாடகைப் படகின் பெயர் 'கத்தமரான்'. நம் கட்டுமரம் உலகைச் சுற்றி, குளியலறையும் குளிர்பெட்டியுமாகத் திரும்பி வந்திருக்கிறது! கடல் அழகுதான், காற்று சுகம்தான். அதில் எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு படகு போகும் பாதை பற்றியது. அங்கே காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசும். அலை ஓய்ந்த இடத்தில்தான் இரவு நங்கூரம் போட முடியும். அதனால் படகுக்காரர்கள் காற்று மறைவான மேற்குக் கரைக்கும், லே சேந்த் என்ற குட்டித் தீவுகளுக்கும் போகிறார்கள். லே சேந்த் மிக அழகான இடம். ஆனால் அங்கே பெரிய கரும்புத் தோட்டங்கள் அமையவில்லை. பிரெத்தாஞ், நார்மாந்தி மீனவர்கள் வழிவந்த குடும்பங்கள் பல அங்கே இருக்கின்றன. அதாவது, குவாதலூப்பின் கதை எதனால் ஆனதோ அந்தக் கரும்பு இல்லாத மூலையைத்தான் படகுப் பயணி 'குவாதலூப்' என்று பார்த்துவிட்டு வருகிறான்.

புவேந்த்-ஆ-பித்ர் துறைமுகத்தை விட்டு லே சேந்த் போகும் வழியில் வலப்பக்கம் பச்சையாக மலையடிவாரம் தெரியும். அது கபேஸ்தேர். வாழைத் தோட்டங்களின் ஊர். அங்கே ஷாஞ்சி என்னுமிடத்தில், சாலையோரமாக, வண்ணம் பூசிய சிலைகளோடு நம்மூர்க் கோயில் போலவே ஒரு கோயில் இருக்கிறது. மாரியம்மன் அந்தத் தீவில் 'மாலியெமென்'. மதுரை வீரன் 'மால்தெவிலன்'. படகு தூரத்திலேயே கடந்துவிடும். அங்கே நிறுத்தலாமா என்று கேட்டேன். "அங்கே பார்க்க ஒன்றுமில்லை, மெசியே" என்றார் படகோட்டி.

ஒன்றுமில்லையா? 1848இல் பிரான்சு அடிமை முறையை ஒழித்தது. தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை அங்கே இறக்கியது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் 40,000 பேருக்கு மேல் போனார்கள். நம் புதுச்சேரிக் கடற்கரையிலிருந்தும் காரைக்கால் கடற்கரையிலிருந்தும் கப்பலேறியவர்கள் அவர்களில் ஏராளம். ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்தால் ஊர் திரும்பலாம் என்று வாக்கு. திரும்பியவர்கள் சிறு பகுதியினரே.

நாங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள். சேன், லுவார், கரோன், ரோன் என்று நதிகளை ஒப்பிப்போம். குவாதலூப்பின் தலைநகர் பாஸ்-தேர் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வோம். பள்ளியிலிருந்து நடந்தால் எட்டிவிடும் கடற்கரையிலிருந்து அந்தத் தீவுக்குக் கப்பல் போனதை மட்டும் ஒரு ஆசிரியரும் சொல்லித்தரவில்லை. பாடப்புத்தகம் மறைத்ததை இப்போது சுற்றுலாப் புத்தகம் மறைக்கிறது.

முப்பது வருடத்துக்கு மேல் பதிவேடு எழுதியவன் நான். அந்தத் தீவின் பெயர்ப்பலகைகளைப் பார்த்ததும் கண் நின்றுவிட்டது. ராமசாமி, முத்துசாமி, வீரப்பன், சிதம்பரம். 'சாமி'க்கு எஸ் எழுத்தை இரண்டு முறை போட்டிருக்கிறார்கள், ஒன்று போட்டால் பிரெஞ்சுக்காரன் 'ஸ' என்பதை ரீங்காரமாக வாசித்துவிடுவான் என்பதால். நம் பழைய பத்திரங்களிலும் அதே எழுத்துக்கூட்டல்தான். அந்தத் தீவிலேயே பிறந்த இந்தியர் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை இல்லை என்று அரசாங்கம் சொன்னபோது, ஆன்றி சிதம்பரம் என்பவர் 1904இல் போராட்டம் தொடங்கினார். 1923 வரை விடவில்லை. வென்றார். நம் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

"ஓய்வுக்குப் போகிறவன் துக்கம் விசாரிக்கவா போவான்?" என்று கேட்பார்கள். கடலை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாலும் நிலத்தின் கதை விடாது, ஐயா. வாழைக்குத் தெளித்த குளோர்தெக்கோன் என்ற பூச்சிமருந்து மழையோடு கடலில் கலந்து, கபேஸ்தேர்ப் பக்கத்துக் கடலில் மீன் பிடிக்கவே தடை. பிரான்சில் 1990இல் நிறுத்திய மருந்தை அந்தத் தீவுகளில் 1993 வரை அனுமதித்தார்கள். யார் தோட்டம், யார் கூலி என்ற கேள்வி தண்ணீர் வரைக்கும் வந்திருக்கிறது.

"அவர்களுக்குத் தமிழே தெரியாதே, பிறகென்ன உறவு?" என்பார்கள் இன்னும் சிலர். ஆம், பேசுவது கிரெயோல். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் தோட்டக்காரனும் பாதிரியாரும் முகம் சுளித்த காலத்தில் மாரியம்மனைக் காப்பாற்றி, 170 ஆண்டுகள் கழித்தும் ஆடு வெட்டிப் படைக்கிறார்களே, அது சாதாரணமா? வீட்டில் பேரப்பிள்ளையோடு பிரெஞ்சில் பேசுகிற நாம் அவர்களைப் பார்த்து உச்சுக் கொட்டுவதற்கு யோக்கியதை வேண்டாமா?

படகில் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஏழு நாளில் ஒரு நாளை நிலத்துக்குக் கொடுங்கள். புவேந்த்-ஆ-பித்ரில், பழைய தர்புசியே சர்க்கரை ஆலை இருந்த இடத்தில், அடிமைகளின் வரலாற்றுக்கான நினைவகம் 2015இல் திறந்திருக்கிறார்கள். துறைமுகத்திலிருந்தே தெரியும், போய்ப் பாருங்கள். ஒரு கார் எடுத்துக்கொண்டு ஷாஞ்சிக்குப் போங்கள். ஒரு தேங்காய் உடையுங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் பெயரைக் கேளுங்கள். அது உங்கள் பாட்டனார் பெயராகவே இருக்கக்கூடும்.