தோட்டப் பெயர் படிக்கும்படி இருக்கட்டும்

புவியியல் பாடத்துக்காகத் தெலுக் பங்லிமா காராங், கேரித் தீவு வட்டாரத்தைக் கணினியில் வரைகிறோம். திரையில் எல்லாப் பெயர்களும் பளிச்சென்று தெரிகின்றன. அச்சிட்டாலோ கண்ணாடி போட்டாலும் படிக்க முடிவதில்லை. உடனே அச்சு இயந்திரத்தைக் குறை சொல்கிறோம். குறை அதில் இல்லை, அளவில்தான் இருக்கிறது.

எழுத்தின் அளவைப் பிக்செலில் வைத்தால், 12 பிக்செல் எழுத்து அங்குலத்துக்கு 96 பிக்செல் உள்ள திரையில் சுமார் 3 மில்லிமீட்டர் இருக்கும். அங்குலத்துக்கு 300 பிக்செல் என்று அச்சிடும்போது அது 1 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். தமிழுக்கு இது பெரிய இழப்பு. புள்ளி மறைந்தால் ‘தோட்டம்’ ‘தோடடம’ ஆகிவிடும்.

கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் எழுத்தளவைப் பாயிண்டிலோ மில்லிமீட்டரிலோ குறிக்கலாம். தமிழ்ப் பெயருக்கு 8 பாயிண்டாவது வேண்டும் என்பேன். ஏ3 தாளுக்கு வரைந்ததை ஏ4 தாளில் அச்சிட்டால் அந்த 8 பாயிண்ட், 6-க்கும் கீழே போய்விடும். ஆகவே, தாளின் அளவை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

எழுத்து பெரிதானால் எல்லாப் பெயருக்கும் இடம் இருக்காது. ஒன்றன்மேல் ஒன்று விழும் பெயர்களில் சிலவற்றை மென்பொருளே மறைத்துவிடும். அந்த முடிவை அதனிடம் விடக்கூடாது என்பதே என் கருத்து. சில சாலைப் பெயர்கள் போகட்டும். நம் தாத்தா பாட்டி உழைத்த தோட்டத்தின் பெயர் இருக்கட்டும், அவர்களே படிக்கும் அளவில்.